சிரிக்காத வெள்ளிக்காசு

கும்பகோணத்தில் வெள்ளிக்கடை வைத்திருக்கும் வசந்தகுமார் ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரு காசு வெளியிடுவார். அரசாங்கக் காசு இல்லை, கொடுத்து எதையும் வாங்க முடியாது. சேர்த்து வைக்கிறவர்களுக்காகச் சுத்த வெள்ளியில் அடிக்கிற காசு. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் வரைகிறவள் ஜெயபாரதி.

வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பா செத்தபோது அவளும் அக்கா மலர்கொடியும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அக்கா படிப்பை விட்டு நடவுக்குப் போனாள். தங்கை ஓவியக் கல்லூரிக்குப் போனாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. ஜெயபாரதிக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷத்தில் முறிந்துபோனது. காரணம் கேட்டவர்களிடம், "ஒத்துவரலை, வந்துட்டேன்" என்பாள். சொல்லுகிற விதத்தில் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். அக்காவோடு இருக்கிறாள், தினமும் பஸ்ஸில் கடைக்குப் போய் வருகிறாள்.

யானை, தாமரை, தாராசுரத்துக் கல்தேரின் சக்கரம் என்றுதான் அதுவரை வரைந்திருந்தாள். போன வருஷம் வசந்தகுமார் "நெல்லும் நீரும்" என்று தலைப்புக் கொடுத்தார்.

நீர்ப் பக்கத்தை முதலில் முடித்தாள். மேலே ஒற்றைக் கோடாக இறங்கும் காவிரி, அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு என்று பிரிந்து பிரிந்து, வாய்க்கால்களாகி, காசின் விளிம்பைத் தொடும். விளிம்புதான் கடல். இரண்டு வாய்க்கால்களை மட்டும் விளிம்புக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாள். ஆற்றின் கடைசியில், கடைமடையில், தண்ணீர் வந்து சேராத ஊர்களுக்காக அது. வசந்தகுமார் பார்த்துவிட்டு, மரம் மாதிரி அழகாக இருக்கிறது என்றார்.

நெல் பக்கத்தில்தான் சிக்கல். சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்ணை வரைந்திருந்தாள். குனிந்த முதுகை யார் பூஜையறையில் வைப்பார்கள் என்று கேட்டார் முதலாளி. நிமிர்ந்து நிற்கட்டும், தலையில் பூ, கையில் கதிர், பார்த்தால் மகாலட்சுமி மாதிரி இருக்கட்டும் என்றார்.

அன்று சாயங்காலம் போனில் படத்தை அக்காவிடம் காட்டினாள். அக்கா தன் பக்கம் பேசுவாள் என்று நினைத்திருந்தாள். மலர்கொடி வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"காசுலயும் குனிஞ்சேதான் கெடக்கணுமா நான்?"

அப்புறம் எப்படித்தான் வரைவது என்று கேட்டாள் ஜெயபாரதி. வரப்பில் நின்று வேலை வாங்குகிற கண்காணி சத்தம் போடும்போது நாங்கள் ஒரு பார்வை பார்ப்போம், அதை வரை என்றாள் அக்கா. அடுப்படியிலேயே எழுந்து நின்று காட்டினாள். ஒரு கை இடுப்பில். இன்னொரு கையில் நாற்று முடிக்குப் பதிலாகக் கீரைக்கட்டு. முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலை என்கிற பார்வை.

அதையே வரைந்தாள். காசில் முகத்தைப் பக்கவாட்டில் வைப்பதுதான் வழக்கம். நேர்முகம் என்றால் மூக்கு சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்தால் தேயட்டும் என்று முகத்தை நேராகவே வைத்தாள். கையில் எடுக்கிறவர்களை அவள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். காலடியில் 'ஜெ' என்று தன் எழுத்தைச் சின்னதாகப் போட்டாள்.

நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து வசந்தகுமாருக்குத் திருப்தி. பிறகுதான் முகத்தைக் கவனித்தார். "ஏம்மா இப்படி முறைக்கிறா? லேசா சிரிக்க வைக்கலாமே."

"வேலை செய்றவ சார். வேலைக்கு நடுவுல கூப்பிட்டா இப்படித்தான் பார்ப்பா."

அவர் அதற்குமேல் பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்று நினைத்தாள்.

சில நாள் கழித்து, பட்டறையில் காசு அடிக்கிற கலந்தர் ஒரு மாதிரிக் காசைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். காசில் இருந்தவளின் உதட்டோரம் இரண்டும் மேலே ஏறியிருந்தன. தலையில் பூ, கையில் வளையல். கீழே 'ஜெ' மட்டும் அப்படியே இருந்தது.

முதலாளியிடம் போனாள். வெளியாளை வைத்துச் சின்னத் திருத்தம் செய்ததாகச் சொன்னார். அவள் பெயரை எடுக்கவில்லையே, அதுவே மரியாதைதானே என்றார். அப்படியானால் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். காசு அடிக்கிற எஃகு அச்சைக் காய்ச்சிக் கெட்டியாக்கியாகிவிட்டது, இனி கைவைக்க முடியாது என்றார்.

ஜெயபாரதி பட்டறைக்கு இறங்கினாள். கலந்தரிடம் அச்சைக் கேட்டு வாங்கினாள். கை கிரைண்டரை எடுத்து, பின்னாலேயே வந்த முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, 'ஜெ'வின் மேல் வைத்து அழுத்தினாள். பொறி பறந்தது. அந்த அச்சு இனி எதற்கும் உதவாது.

"நீ என்ன பண்ணிட்டேன்னு தெரியுதா?" என்றார் வசந்தகுமார்.

"தெரியுது சார். நஷ்டத்தைச் சம்பளத்துல பிடிச்சிக்குங்க. எப்படியும் புதுசா வெட்டத்தான் போறீங்க. அந்தச் சிரிப்பு வேணும்னா என் பேரு வேணாம். என் பேரு வேணும்னா அந்தச் சிரிப்பு வேணாம்."

வீட்டுக்குப் போகச் சொன்னார். பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலை போனால் அக்காவின் நடவுக் கூலி ஒன்றுதான். ஆனாலும் செய்தது தப்பு என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலவே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் எழுப்பவில்லை. முதலாளி அவளோடு பேசுவதை நிறுத்தினார்.

புது அச்சு வந்தது. சிரிப்பு இல்லை, பூ இல்லை. வளையல் மட்டும் தங்கிவிட்டது. அக்கா எப்போதும் பிளாஸ்டிக் வளையல் போட்டிருப்பாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஜெயபாரதி விட்டுவிட்டாள். 'ஜெ' இருந்தது. முதலாளி ஏன் மனசு மாறினார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

தையில் வெளியீட்டு விழா. அக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். காசைக் கையில் வாங்கிய மலர்கொடி, "மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு எனக்கு?" என்றாள். மேடையில் வசந்தகுமார், அந்தப் பார்வை தனக்கு எப்படித் தோன்றியது என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையிலிருந்து ஜெயபாரதி எழுந்தாள்.

"சார், வரைஞ்சது நான். நின்னு காட்டினது எங்க அக்கா. இவங்கதான்."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. மலர்கொடி எழுந்திருக்கவில்லை, தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை.

அடுத்த காசைச் சென்னையில் யாரோ வரைகிறார்கள். ஜெயபாரதிக்கு இப்போது குத்துவிளக்கும் கொலுசும் வரைகிற வேலைதான். வேறு இடம் பார்க்கலாமே என்று அக்காகூட ஒருநாள் சொன்னாள்.

"அவரு போகச் சொல்லட்டும், போறேன். நானா எதுக்குப் போகணும்?" என்றாள் ஜெயபாரதி. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.