ஜன்னலுக்குப் போன சாய்தளம்

எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் கொஞ்ச காலம், சான்றிதழ் வாங்க வந்த ஜனங்கள் உள்ளே ஃபேனுக்குக் கீழே நிற்பார்கள். சான்றிதழ் போட்டுக் கொடுக்கிற ஆள் வெளியே வெயிலில் உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு ஜன்னல். வெளியே உட்கார்ந்திருந்தது என் அக்கா.

அக்கா பன்னிரண்டாவது முடித்த கோடையில் முந்திரி மரத்திலிருந்து விழுந்தாள். முதுகுத்தண்டில் அடி. அன்றிலிருந்து வீல்சேர்தான். எப்படி ஆச்சு என்று யாராவது உச்சுக்கொட்டினால், “மரத்துக்கு ரேம்ப் வைக்கலங்க, அதான்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். பெரம்பலூரில் தங்கிக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தாள். அப்புறம்தான் இந்த வேலை. உடையார்பாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த சேவை மையத்துக்கு மாற்றுத்திறனாளி இட ஒதுக்கீட்டில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூன்று மாதம் சோதனைக் காலம். வருகைப் பதிவு ஒழுங்காக இருந்தால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு.

நான் அப்போது இன்ஜினியரிங் முடித்திருந்தேன். அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைகளுக்கெல்லாம் பயோடேட்டா அனுப்பிவிட்டு, பதில் வராத நேரத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன அருமையான சட்டம் அது. எல்லாம் அதில் இருக்கிறது: கட்டடம், பஸ், பள்ளிக்கூடம், வேலை. ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கு அதைப் பிரிவு பிரிவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜெயங்கொண்டத்துக்கு டிக்கெட் எடுத்தவர் அதற்கு முன்பே எங்கேயோ இறங்கிக்கொண்டார்.

மையம் இருந்த கட்டடத்துக்கு மூன்று படி. அக்காவுக்கு ஆர்டர் வந்த அன்றே சாய்தளம் கேட்டு மனு எழுதினேன். சட்டத்தின் வாசகத்தை அப்படியே போட்டு, அடிக்கோடிட்டு, நானே அரியலூருக்குக் கொண்டுபோய்த் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். நம்ப மாட்டீர்கள், உடனே ஆள் வந்துவிட்டது. மணல் வந்தது, ஜல்லி வந்தது, கொத்தனார் வந்தார். சுற்றிலும் சிமெண்ட் விளைகிற ஜில்லாவில் சிமெண்டுக்கா பஞ்சம். சரிவு அளவு சட்டத்தில் சொன்ன மாதிரியே இருந்தது. நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். பக்கவாட்டில் கைப்பிடிக் குழாய்கூட இருந்தது. வழுக்காமல் இருக்க மேலே கோடு கோடாகக் கீறியிருந்தார்கள்.

ஒன்றே ஒன்றுதான். சாய்தளம் வாசலுக்குப் போகவில்லை. தரையிலிருந்து அழகாக ஏறி, வளைந்து, பக்கத்து ஜன்னலுக்குப் போய் நின்றுவிட்டது. சாய்தளம் முடிகிற இடமும் உள்ளே ஆபீஸ் தரையும் ஒரே மட்டம். நடுவில் இடுப்பளவு சுவர், அதன் மேல் கம்பி போட்ட ஜன்னல்.

வேலையை மேற்பார்த்துவிட்டு பைக்கில் ஏறப் போன ஓவர்சியரை மறித்துக் கேட்டேன்.

“வாசல் பக்கம் கல்வெட்டு இருக்கு தம்பி,” என்றார்.

இருந்தது. படிக்கட்டை ஒட்டி, கட்டடத் திறப்பு விழாவில் நட்ட கருப்புக் கல். அதை எடுத்தால்தான் வாசலுக்குச் சாய்தளம் போகும்.

“ரெண்டடி தள்ளி நட்டா என்ன சார்?”

“பேரு இருக்குல்ல. சம்பந்தப்பட்டவங்கள கேக்காம தொட முடியுமா?”

“யாரு பேரு சார்?”

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வருஷா வருஷம் கட்டடத்தோடு சேர்த்து அதற்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. சுரண்டிப் பார்த்தேன், சுண்ணாம்புக்குக் கீழே இன்னொரு சுண்ணாம்பு.

“அதான் சிக்கலே,” என்றார் ஓவர்சியர் உண்மையான வருத்தத்தோடு. “யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துடலாம். தெரியலையே. தெரியாதவங்க பேர எப்படி எடுக்கிறது?”

“அப்ப ஜன்னலுக்கு எதுக்கு சார் ரேம்ப்?”

“மனுவுல சாய்தளம் வேணும்னு கேட்டிருந்தீங்க. எதுக்குப் போகணும்னு போடலையே. மாற்றுத்திறனாளி வந்தா ஜன்னல்ல மனுவ வாங்கிக்கலாம். அவங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

“வர்ற மாற்றுத்திறனாளிதான் சார் இங்க வேலை பாக்கப் போறாங்க.”

அவர் சாய்தளத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். இப்படி ஒன்று நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

முதல் நாள் காலையில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊராட்சிச் செயலர் வாசலில் நின்றிருந்தார். மையமும் அவர் பொறுப்புதான். நல்ல மனுஷர். கல்யாண வீட்டில் பந்தி கவனிக்கிற மாதிரியே ஆபீஸையும் கவனிப்பார், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது அவருக்கு.

“நாலு பசங்கள சொல்லி வச்சிருக்கேன்மா. காலைல தூக்கி உள்ள வைப்பாங்க, சாயங்காலம் தூக்கி வெளிய வைப்பாங்க. ஒண்ணும் கவலப்படாத.”

“வேணாங்க,” என்றாள் அக்கா.

“ஏம்மா?”

“தெனம் தூக்கி எறக்க நான் என்ன உற்சவரா? ஒரு நாளைக்கு ஒருத்தன் வரமாட்டான். இன்னொரு நாளைக்கு, இந்தப் புள்ள என்ன கனம் கனக்குதுன்னு டீக்கடைல பேசுவான். பாத்ரூம் போகணும்னா பசங்கள போன் பண்ணிக் கூப்பிடவா?”

செயலர் ஜன்னல் பக்கம் போய்க் கம்பி இடைவெளியை விரலால் அளந்தார். “அப்ப ஒண்ணு பண்ணலாம்” என்றார்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. லேப்டாப்பை ஒருக்களித்தால் கம்பிக்கு நடுவே நுழைந்தது. அக்கா சாய்தளத்தின் உச்சியில் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழை வெயிலுக்கு நான் ஒரு குடையைக் கைப்பிடிக் குழாயில் கட்டிவிட்டேன். பிரின்டர் உள்ளே. அக்கா வெளியே தட்டினால் உள்ளே பேப்பர் வரும். வந்ததை வரிசையில் நிற்கிறவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் ஊரில் பாதிப் பேருக்குப் பிரின்டரில் பேப்பர் சிக்கினால் எடுக்கத் தெரிந்துவிட்டது. சாதிச் சான்றிதழுக்கு வந்த ஒரு அண்ணன் ஆபரேட்டர் நாற்காலி காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்து பார்த்தார். பிடித்துப்போய்விட்டது. அப்புறம் வேலை இல்லாத நாளிலும் வந்து உட்கார்ந்து, “அடுத்தாப்ல யாரு, வாங்க” என்று கூப்பிட ஆரம்பித்தார்.

வெளியூர்க்காரர்கள் அவரைத்தான் அதிகாரி என்று நினைப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வீல்சேரில் இருக்கிற அக்காவை மனு கொடுக்க வந்தவள் என்று நினைப்பார்கள். ஒரு பெரியவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “உதவித்தொகை வரலையாம்மா? இங்க உக்காந்து ஒண்ணும் ஆவாது. திங்கக்கிழமை அரியலூர் போயி மனு குடு” என்றார்.

“சரிங்கய்யா,” என்றாள் அக்கா. “உங்க ஆதார் நம்பர சொல்லுங்க.”

அவர் திடுக்கிட்டு, “உனக்கெதுக்கும்மா?” என்று கார்டை மடியில் மறைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் ஒரு விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. வருகைப் பதிவுக்குக் கைரேகை மிஷின். அது உள்ளே, எதிர்ச் சுவரில். வயர் ஜன்னல் வரை எட்டாது.

“கழட்டிக் கொண்டாந்து குடுங்களேன்,” என்று செயலரிடம் கேட்டேன்.

“அது வச்ச எடத்துல இருக்கணும் தம்பி. மாட்டினவங்க வந்துதான் கழட்டணும்.”

“அவ தெனம் வர்றா. நீங்களே பாக்கறீங்க.”

“வர்றாங்க. நான் இல்லங்கல. உள்ள வரலையே. மிஷினுக்கு உள்ள வந்தாதான் வந்த மாதிரி.”

முதல் மாதம் முடிந்தபோது கம்ப்யூட்டரில் அக்காவின் பெயருக்கு நேரே எல்லா நாளும் ‘வரவில்லை’ என்றிருந்தது. அந்தப் பட்டியலை மேலே அனுப்பியதும் அவள்தான், வெளியே உட்கார்ந்தபடி.

மறுபடி மனு. இந்தத் தடவை ‘வாசல்’ என்ற சொல்லைப் பல இடங்களில் போட்டேன். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் அதுவே வாசலாகிவிடும் என்று படமும் வரைந்தேன். இன்ஜினியரிங் படித்ததற்கு அதுதான் முதல் உபயோகம். ஓவர்சியர் பார்த்துவிட்டு, கட்டடத்துக்கு ஒரு வாசல்தான் அனுமதி, இன்னொரு வாசல் என்றால் புது வேலை, புது வேலைக்கு இந்த வருஷம் வழியில்லை என்றார்.

பார்வையிட ஒரு மேலதிகாரி வந்தார். சாய்தளத்தில் ஏறி, அக்கா பக்கத்தில் நின்று, காற்று நன்றாக வருகிறது என்றார். உள்ளே போய் ஜன்னல் வழியே அவளைப் பார்த்தார். போட்டோ எடுக்கச் சொன்னார்.

“மக்கள் நிழல்ல, சேவை வாசல்தேடி. நல்ல ஏற்பாடு. உங்களுக்கு என்னம்மா வேணும், தயங்காம சொல்லுங்க.”

“உள்ள போகணும் சார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே செயலர் பக்கம் திரும்பி, “இவங்களுக்குப் பெரிய கொடையா ஒண்ணு வாங்கிக் குடுங்க” என்றார்.

குடை வந்தது. இளநீர் கடைக்கு வைக்கிற மாதிரி பெரிய குடை. அதைக் கட்ட இடமில்லாமல் கல்வெட்டில் சாய்த்து வைத்தோம். கல்வெட்டு அதற்காவது உதவியது.

மூன்றாவது மாதக் கடைசியில், பட்டியலில் அடுத்து இருப்பவருக்குக் கடிதம் போகப் போகிறது என்று செயலரே வந்து சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார். அதே வாரம் அந்த மேலதிகாரி, எங்கள் ஏற்பாட்டைக் காட்ட பெரம்பலூரிலிருந்து ஒரு குழுவைக் கூட்டி வருகிறார் என்றும் தகவல் வந்தது.

“நீ மனு எழுதாத,” என்றாள் அக்கா. நான் அப்போதுதான் பேப்பர் எடுத்திருந்தேன். “நான் பாத்துக்கறேன்.”

குழு வந்த அன்று அவள் சாய்தளத்தில் ஏறவில்லை. வாசலுக்கு நேரே, மூன்று படிக்கும் கீழே, வண்டிக்கு பிரேக் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஜனங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. நாற்காலி அண்ணன் “அடுத்தாப்ல யாரு” என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

மேலதிகாரிக்கு முகம் வாடிவிட்டது. “என்னம்மா, உங்க எடத்துல உக்காரலையா?”

“என் எடம் உள்ள இருக்கு சார். அதுல அந்த அண்ணன் இருக்காரு.”

பெரம்பலூரிலிருந்து வந்தவர்களில் ஒரு அம்மா குனிந்து அக்காவிடம், “அப்ப நீங்க எப்படி உள்ள போவீங்க?” என்று கேட்டார். ஏதோ தனக்குத் தெரியாத வழி இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.

“நானும் மூணு மாசமா அதத்தான் கேக்கறேங்க. ரஞ்சன்குடிக் கோட்டைய பாத்திருப்பீங்க. எதிரி உள்ள வரக் கூடாதுன்னு கட்டினது. அதுலகூட வாசல் இருக்கு.”

ஓவர்சியரும் குழுவோடு வந்திருந்தார். அக்கா ஓவர்சியரைப் பார்த்தாள்.

“சார், வாசல் வைக்க ரூல் இல்ல. சரி. ஜன்னல பெரிசாக்க ரூல் இருக்கா?”

“இருக்கும்மா. காத்தோட்டம் பத்தலன்னா பராமரிப்புல பண்ணலாம்.”

“எந்தப் பக்கமா பெரிசாக்கணும்னு இருக்கா?”

ஓவர்சியர் ஜன்னல் பக்கம் திரும்பினார். விரலால் காற்றில் ஒரு ஜன்னல் வரைந்தார். அப்புறம் அதன் கீழ்க்கோட்டை அழித்து, தரை வரைக்கும் இழுத்தார். “எந்தப் பக்கமும் சொல்லல,” என்றார் மெதுவாக. “கீழ்ப்பக்கமா ஆக்கினா தப்பில்ல.”

மேலதிகாரி உடனே, “காத்து பத்தலதான். நான் அன்னைக்கே நெனச்சேன்” என்றார். அக்கா அந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்தாள். கடிதத்தை நிறுத்திவைக்கச் சொல்லி அவர் செயலரிடம் சொன்ன பிறகுதான் பிரேக்கை எடுத்தாள்.

அதே கொத்தனார்தான் வந்தார். இடுப்பளவு சுவரை இடிக்க அரைப்பொழுது ஆனது. ஜன்னல் தரையைத் தொட்டது, கதவும் போட்டார்கள். கணக்கில் இன்றைக்கும் அது ஜன்னல்தான்.

அடுத்த நாள் அக்கா சாய்தளத்தில் ஏறி, வளைந்து, ஜன்னல் வழியாக உள்ளே போனாள். நேரே எதிர்ச் சுவருக்கு வண்டியை உருட்டிக் கையை நீட்டினாள். எட்டவில்லை. மிஷினை நிற்கிற ஆளின் உயரத்துக்கு மாட்டியிருந்தார்கள்.

என் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போய்விட்டது. அதற்குள் செயலர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இரண்டு திருகையும் கழற்றி, வயரோடு மிஷினை இறக்கி, இரண்டு கையாலும் அவள் முன்னால் பிடித்தார்.

“மாட்டினவங்க வந்துதான் கழட்டணும்னீங்க,” என்றாள் அக்கா.

“வைம்மா வெரல,” என்றார்.

வைத்தாள். மிஷின் இங்கிலீஷில் நன்றி சொன்னது. அவள் விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அது இன்னொரு தடவை நன்றி சொன்னது.

நாற்காலி அண்ணன் எழுந்து, நாற்காலியை ஓரமாக நகர்த்தி, அக்காவின் வண்டிக்கு இடம் விட்டார். ஆனால் போகவில்லை. பழைய ஜன்னல் பக்கம் கொஞ்சம் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, அப்ப நாங்கள்லாம் இனிமே வெளிய நிக்கணுமா?”

“உள்ளயே நில்லுங்கண்ணே,” என்றாள் அக்கா, லேப்டாப்பைத் திறந்துகொண்டே. “எடம் இருக்கு.”