கீழ்வீட்டுத் தட்டல்

மகளின் முதல் இசைத்தொகுப்பு நேற்றுத்தான் வெளிவந்தது. பான்ஜோவை மீட்டிப் பாடுகிற, புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள். எங்கள் வீட்டு வாசலில், என்னைக் காருக்குள் இருத்தி முதல் பாட்டைப் போட்டாள். குரல் வருமுன் மரத்தரையில் டொக், டொக் என்று ஒரு சத்தம் எழுந்தது. என் கை தானாகப் போய் அதை நிறுத்திவிட்டது.

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது, நாங்கள் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில். எனக்கு எட்டு வயது. மாடிவீட்டில் ஹீற்றர் சீறிக்கொண்டே இருக்கும். சுவரெல்லாம் வறுத்த மாவின் வாசம். மா வறுக்கும்போது அம்மா பாடுவார். இரண்டாவது வரியில் கீழ்வீட்டுக் கியூபெக் கிழவர் தொடங்கிவிடுவார். டொக், டொக். கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிக்கிறார் என்பார் அப்பா. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது பதில் வந்திருக்கவில்லை.

"நிப்பாட்டும். பொலிசைக் கூப்பிடப் போறான்," என்று அப்பா பதறுவார்.

அம்மா நிறுத்துவார். தட்டலும் நின்றுவிடும். படியில் காலடி கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மா கருகும். கொஞ்ச நாளில் அம்மா பாடுவதையே விட்டுவிட்டார்.

"என்ரை பாட்டை ஏனம்மா நிப்பாட்டினீங்கள்? பிடிக்கேல்லையோ?" காருக்குள் மகளின் முகம் இறுகியிருந்தது.

"ஆரோ தட்டினமாதிரி இருந்தது."

"அது என்ரை கால். எங்களுக்கு ட்ரம்ஸ் இல்லையம்மா, காலாலதான் தாளம். இஞ்சத்தைய பழைய கியூபெக் ஆக்களிட்டைப் பழகினனான். ஆராவது பாடினால் அவையின்ரை கால் சும்மா இராது."

நான் பாட்டை மறுபடி போட்டேன். டொக், டொக்.

அந்தக் கிழவர் ஒருநாளும் படியேறி வந்து கத்தியதில்லை. அம்மா பாடாத நாளில் ஒரு தரமும் தட்டியதில்லை.