சூட்டில் பிடுங்கிய காற்று

இன்றைய வண்டிகளில் சக்கரத்தில் காற்று குறைந்தால் ஓட்டுநரின் கண்ணெதிரே மஞ்சள் விளக்கு எரிகிறது. 1982ஆம் ஆண்டில், கொடைக்கானல் மலைப்பாதையில் உள்ள பெருமாள்மலைச் சந்திப்பில், அந்த விளக்கின் வேலையை வீரம்மாள் செய்துகொண்டிருந்தாள். விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்; வீரம்மாள் சொன்னால் சிரித்தார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். ‘உங்கள் நாட்டுக்குப் போங்கள்’ என்று அங்கே கப்பல் ஏற்றிவிட்டார்கள்; இங்கே வந்து இறங்கியதும் ‘சிலோன்காரி’ என்று பெயர் வைத்தார்கள். சேனாதிபதியின் டயர் கடைக்குக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் வந்தாள். காற்றடிக்கும் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போன ஒருநாள் குழாயைக் கையில் எடுத்தவள், அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அதைக் கீழே வைக்கவில்லை.

இரும்புக் கம்பியால் டயரை ஒரு தட்டுத் தட்டுவாள். காற்று சரியாக இருந்தால் கம்பி கணீரென்று துள்ளித் திரும்பும். குறைந்திருந்தால் ஈரமூட்டையில் அடித்தாற்போலத் ‘தொப்’பென்று ஒலித்து, அங்கேயே படுத்துக்கொள்ளும். லாரியின் பின்சக்கரங்களில் இரண்டிரண்டு டயர்கள் அடுத்தடுத்து இருக்குமல்லவா? உள்டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. வெளிடயர் சுமையைத் தாங்கிக்கொண்டு ஒன்றும் நேராதது போல நிற்கும். ஆகவே அவள் ஒவ்வொரு வண்டியின் அடியிலும் குனிந்து, கம்பியை உள்ளே நீட்டித் தட்டாமல் அனுப்பியதில்லை. தட்டிப் பார்த்தபின் காற்றழுத்தம் காட்டும் கேஜை வைத்து அளப்பாள். கம்பி சொன்னதற்கும் கேஜ் காட்டியதற்கும் இரண்டு பவுண்டுக்கு மேல் வேறுபாடு இருந்ததே இல்லை.

தொல்லை, ஐந்து வண்டிகளுக்கு முதலாளியான திருமலைச்சாமியின் லாரி ஒன்றோடு வந்தது. அந்தப் பழைய லாரி இரவில் பெருமாள்மலையில் நிற்கும். விடிந்ததும் கூலிப்பெண்கள் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு மன்னவனூர் உருளைக்கிழங்குக் காடுகளுக்குப் போகும். பிற்பகலில் கிழங்கு மூட்டைகளின்மேல் அதே பெண்களை உட்காரவைத்துத் திரும்பும். அவர்களைச் சந்திப்பில் இறக்கிவிட்டு, வத்தலக்குண்டுச் சந்தைக்கு இறங்கும். விடியற்காலைக் குளிரில் வீரம்மாள் எல்லா டயர்களிலும் எண்பது பவுண்டு காற்று வைத்து அனுப்புவாள்.

திருமலைச்சாமி மதுரையிலிருந்து புதிய கேஜ் ஒன்று வாங்கிவந்தார். வத்தலக்குண்டு மண்டியில் லாரி வந்து நின்றதும் சூட்டோடு சூடாக அளந்தார். தொண்ணூறு காட்டியது.

“எண்பது வைக்கச் சொன்னா தொண்ணூறு வச்சிருக்கா. டயர வெடிக்க வச்சுருவா போலருக்கே, அந்தச் சிலோன்காரி! பிச்சையா, காத்தப் புடுங்குடா!”

ஓட்டுநர் பிச்சையா பிடுங்கினான். மறுநாளும் பிடுங்கினான். மூன்றாம் நாள் காலையில் திருமலைச்சாமியே பெருமாள்மலைக்கு வந்து, தேநீர்க் கடையில் நின்றிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் வீரம்மாளைக் கேஜ் பார்க்கத் தெரியாதவள் என்றார். பொட்டச்சி கையில் குழாயைக் கொடுத்தவனுக்குப் புத்தி இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

“ஐயா, எறக்கம் எறங்குனா டயரு சூடேறும். சூடேறுனா உள்ள இருக்குற காத்து உப்பும். குளுந்தா பழையபடி எறங்கும். சூட்டுல நீங்க புடுங்குனா, மறுநா வெள்ளனே இங்க எழுபதுதானுங்க இருக்குது” என்றாள் வீரம்மாள்.

“காத்து என்ன தோசை மாவா, உப்புறதுக்கு? ஏலே சேனாதிபதி, இனிமே இவ என் வண்டியில கைய வைக்கக் கூடாது. வச்சான்னா, என் அஞ்சு வண்டியும் வேற கடைக்குப் போயிரும்.”

சேனாதிபதி நல்லவர்தாம், ஆனால் ஐந்து வண்டிகளின் முன்னால் அந்த நல்லதனம் நிற்கவில்லை. வீரம்மாளை வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றினார். “கொஞ்ச நாளைக்குத்தாம்மா” என்றார். அந்தக் கொஞ்ச நாள் பத்து மாதங்கள் ஆயிற்று. அதன்பின் அந்த லாரிக்கு வத்தலக்குண்டில், சூட்டில்தான் அளவு பார்த்தார்கள்; விடியலில் யாரும் கேஜ் வைக்கவில்லை.

ஒரு டயரைக் காலையில் அளந்து, மாலையில் மறுபடி அளந்தால் உண்மை வெளிவந்துவிடும். அதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். அந்த இரண்டு நிமிடங்களைச் செலவழிக்க அந்தச் சந்திப்பில் ஓர் ஆணுக்கும் மனம் வரவில்லை. தன் கையிலிருந்து குழாயைப் பறித்ததைக்கூட வீரம்மாள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு விடியலிலும் அந்த லாரி முப்பது பெண்களைச் சுமந்துகொண்டு, குறைந்த காற்றோடு அவளைக் கடந்து போயிற்று. வாளியும் துணியுமாக அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்கழி பிறந்தது. நடுக்கும் குளிரில் ஒருநாள் காலை, பெண்கள் லாரியில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். வீரம்மாளுக்குக் கருகிய ரப்பர் நாற்றம் அடித்தது. குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள். இடப்பக்கத்தின் இரண்டு டயர்களும் தொய்ந்து, ஒன்றோடொன்று உரசி, பக்கவாட்டில் தேய்ந்திருந்தன. கம்பியை எடுத்து உள்டயரைத் தட்டினாள். ‘தொப்’பென்றது.

எழுந்துபோய் லாரியின் முன்னால் நின்றாள்.

“எறங்குங்கடி எல்லாரும்!”

“என்னக்கா, காலங்காத்தால சாமி வந்துருச்சா?” என்று மூட்டை முடிச்சோடு மேலே நின்ற மூக்கம்மா சிரித்தாள்.

“சாமி வரல. இந்த டயரோட போனா நீ சாமிகிட்டப் போயிருவ. எறங்கு!”

மூக்கம்மா அவளுடன் ஒரே கப்பலில் வந்தவள். வீரம்மாள் வீண்வார்த்தை பேசமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். சிரிப்பை நிறுத்திவிட்டு இறங்கினாள். ஒருத்தி இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள்.

பிச்சையா ஒலிப்பானை அழுத்திப் பார்த்தான். “அக்கா, வழி விடுக்கா. மொதலாளியும் இன்னைக்குக் காட்டுக்கு வாராரு, உள்ளதான் தூங்குறாரு. எந்திரிச்சா ரெண்டு பேரையும் தொலச்சுருவாரு.”

அதற்குள் திருமலைச்சாமி கம்பளிக் குல்லாயோடு கதவைத் திறந்து குதித்தார். “என்ன ரவுசு இங்க? கெழங்கு காட்டுல கெடக்கு, நீங்க இங்க கும்மியடிக்கிறீகளா?”

“ஐயா, ஒங்க கேஜ எடுங்க. எங்க கேஜ நீங்க நம்ப வேணாம். ஒங்களதையே வச்சுப் பாருங்க” என்றாள் வீரம்மாள்.

அவர் மறுத்தார், திட்டினார். பெண்கள் நகரவில்லை. வேறு வழியின்றிக் கேஜை வைத்தார். எழுபத்தொன்று.

“ராத்திரி எவளோ புடுங்கியிருக்கா” என்றார், அவளை முறைத்தபடி.

பத்து மாதமாக அடக்கிவைத்த கோபத்தோடு வீரம்மாள் அவர் முன்னால் வந்து நின்றாள். “நான் புடுங்குனேன்னு சொல்றீங்க. அன்னைக்கு அளவுக்கு மேல அடிச்சேன்னு சொன்னீங்க. ரெண்டுக்கும் ஒரே வழிதான். எல்லா டயருலயும் எண்பது வைக்கிறேன். ஒங்க கையாலயே வால்வு மூடி மேல அரக்கு வச்சு, ஒங்க மோதிரத்தக் குத்துங்க. சாயங்காலம் வத்தலக்குண்டுல நீங்களே ஒடைச்சுப் பாருங்க. நானும் கூட வாரேன். எண்பதே இருந்துச்சுன்னா இந்தக் கடைப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்.”

தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். இத்தனை பேர் முன்னால் பின்வாங்குவது திருமலைச்சாமிக்கு இழுக்காகப் பட்டது. தேய்ந்த டயர்கள் இரண்டையும் கழற்றி, வேறு டயர்களை மாட்டினார்கள். வீரம்மாள் காற்றடித்தாள். அவரே அளந்தார், அவரே அரக்கைச் சொட்டவிட்டார், முருகன் வேல் பொறித்த தம் மோதிரத்தை ஒவ்வொன்றிலும் பதித்தார். பெண்கள் ஏறினார்கள்.

மாலை நான்கரை மணிக்கு, கிழங்கு மூட்டைகளோடும் வீரம்மாளோடும் லாரி வத்தலக்குண்டில் வந்து நின்றது. பிரேக் சூடும் வெயிலும் சேர்ந்து சக்கரங்கள் அனலாய்க் கொதித்தன. திருமலைச்சாமி குனிந்து அரக்கைப் பார்த்தார். வேல் அழியாமல் இருந்தது. உடைத்தார். கேஜை வைத்தார்.

தொண்ணூறு.

அடுத்த டயர் தொண்ணூற்றொன்று. அதற்கடுத்தது தொண்ணூறு. மண்டிக் கூலியாட்கள் எட்டிப் பார்த்தார்கள். பிச்சையா பழக்கத்தில் வால்வை அழுத்தக் கை நீட்டினான். “கைய எடுடா!” என்று அவர் அதட்டினார். பிறகு வீரம்மாளின் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காதவாறு, “சரி, நீ சொன்னதுதான் சரி. நாளையிலருந்து நீயே காத்தப் பாரு. சேனாதிபதிகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

“என்னையச் சொன்னது ஊரு முன்னாடி. இத மட்டும் காதோட சொல்றீங்க. நாளைக்கு வெள்ளனே சந்திப்புல, அந்தப் பொம்பளைங்க முன்னாடி சொல்லுங்க. அப்பத்தான் கொழாயத் தொடுவேன்.”

மறுநாள் விடியலில் லாரி சந்திப்பில் நின்றது. திருமலைச்சாமி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பெண்கள் கீழேயே நின்றார்கள், ஒருத்தியும் ஏறவில்லை. சேனாதிபதி கடை வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“மொதலாளி, மன்னவனூருல மழ வாரதுக்குள்ள கெழங்கு தோண்டணும், வெரசா எறங்குங்க. எங்களுக்கும் குளுருது” என்றாள் மூக்கம்மா.

அவர் இறங்கினார். “அந்தம்மா அடிச்ச காத்து சரிதான். தப்பு என்னுது. போதுமா?”

“போதாதுங்க. சூட்டுல காத்தப் புடுங்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“புடுங்க மாட்டேன் தாயே, புடுங்க மாட்டேன்!”

பெண்கள் சிரித்தார்கள். சேனாதிபதியும் எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் சிரித்தார். வீரம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“பத்து மாசமா இவளுங்க முப்பது பேரும் அந்த டயரு மேலதான் போய் வந்தாளுங்க. வெடிச்சிருந்தா அந்த மலை வளைவுல இவளுங்கள யாரு பொறுக்கியிருப்பா? அதுக்கு யாருங்க பதில் சொல்றது?”

திருமலைச்சாமி கேஜைத் துடைத்தார். சேனாதிபதி கடைக்குள்ளே போனார். வீரம்மாள் குழாயை இழுத்துக்கொண்டு லாரியின் அடியில் குனிந்தாள், உள்டயரிலிருந்து தொடங்கினாள்.