அபிராமபுரத்திலிருந்து அடையாறு வரை ஓர் இடது கால்

பயணம் என்றால் எழும்பூர் ஸ்டேஷனையாவது தாண்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. நானும் என் மனைவி ஜெயாவும் ஒரு சனிக்கிழமை, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, காலை ஒன்பதரை மணிக்கு அபிராமபுரத்தில் கிளம்பி, தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று சுற்றிவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பினோம். மொத்தம் பதினேழு கிலோமீட்டர் இருக்கும். ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றியிருந்த புதிது. போன காரியம், சைக்கிள் ஓட்ட ஒரு ஜோடி ஷூ.

சைக்கிள் ஓட்ட ஷூ எதற்கு, செருப்பு போதாதா என்று ஆபீசில் எல்லோரும் கேட்டாயிற்று. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஜெயாவின் தம்பி ரகு ஜெர்மனியில் இருக்கிறான். போன வருஷம் வந்தபோது தன்னுடைய மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஞாயிறு தோறும் விடியற்காலையில் அதில் கோவளம் போய் வருவேன். வாரத்தில் ஆறு நாள் பாங்க் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு அந்த மூன்று மணி நேரம்தான் சொந்தம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இடது கால்தான் தகராறு செய்தது. கான்வாஸ் ஷூவோடு ஓட்டும்போது அது பெடலிலிருந்து அடிக்கடி வழுக்கியது. ஒருநாள் பெடலின் பல் கணுக்காலைக் கிழித்துவிட்டது. எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. “இன்னொரு புண் வந்தா சைக்கிளை யாருக்காவது குடுத்துடுங்க” என்றார் டாக்டர். விஷயத்தைக் கேட்ட ரகு, கால் வழுக்காத பெடலும் அதற்கான ஷூவும் அனுப்பினான். ஷூவின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கட்டை திருகியிருக்கும். மிதித்தால் அது பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். கால் நகராது, உண்மைதான். ஆனால் திருவான்மியூர் தாண்டியதும் இடது கால் விரல்கள் மரத்துப்போயின. ஷூ இறுக்கிப் பிடிக்கிறது என்று முடிவு செய்தேன். வேறு ஷூ தேட வேண்டியதாயிற்று.

பனகல் பார்க்குக்கு ஆட்டோக்காரர் நாற்பது கேட்டு முப்பதுக்கு இறங்கி வந்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த ஷூவைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், தேனாம்பேட்டை சிக்னலில் திரும்பினார்.

“இன்னா சார் இது, அடியில இன்னாமோ ஒட்டிகினு கீது?”

“சைக்கிள் பெடல்ல மாட்டிக்கும்.”

“மாட்டிக்குமா? அப்பால வுழுந்தா?”

“சைக்கிளோட சேர்ந்து விழணும்.”

“நல்லா கீது சார் கதை” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ஜெயாவின் கருத்தும் அதுதான்.

உஸ்மான் ரோட்டில் நாங்கள் நுழைந்த கடையின் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் ஷூவைத் திருப்பிப் பார்த்து, “இது என்ன சார், லாடம் அடிச்ச மாதிரில்லா இருக்கு! இந்த ஜாதி நம்மகிட்ட கெடையாது. இந்த ரோடு முழுக்கத் தேடினாலும் கெடைக்காது” என்றார். ஆனால் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லையே. ஓட்டப்பந்தய ஷூ ஒன்றை எடுத்து என் வலது காலில் மாட்டினார். கச்சிதமாக இருந்தது.

“இடதையும் போட்டுப் பாத்துடலாமே” என்றாள் ஜெயா.

“எதுக்கும்மா? ஒரு கால் சரியா இருந்தா மறுகாலும் சரியாத்தான் இருக்கும்.”

அவள் விடவில்லை. இடது ஷூவில் கால் பாதிதான் போயிற்று. அளவு பார்க்கும் தகட்டின்மேல் இரண்டு காலையும் வைத்து நிற்கச் சொன்னார் முதலாளி. இடது கால் ஒரு சைஸ் பெரியது, அகலமும் கூடுதல். நாற்பத்தாறு வருஷம் இதைத் தெரிந்துகொள்ளாமலே நடந்திருக்கிறேன்.

ஜெயா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “ஏன்னா, ரகுவுக்கு நாம எந்தக் காலை வரைஞ்சு அனுப்பினோம்?”

வலது காலை. அளவு வேண்டும், காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள் என்று அவன் எழுதியிருந்தான். புதுசாக ஒன்று வரப்போகிறது, வலது காலை வையுங்கோ என்று சொல்லி இவள்தான் குனிந்து வரைந்தாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. இடது காலின் நினைப்பே எங்களுக்கு வரவில்லை.

“அதுல தப்பில்லம்மா. நல்ல காரியத்துக்கு யாரு இடது கால முன்னால வப்பா?” என்று கடைக்காரர் எங்களைத் தேற்றினார். பதிலுக்கு எழுபது ரூபாய்க்கு ஜெயா ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டாள்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. குற்றம் ஷூவுடையதுதான் என்று நிரூபணமாயிற்றே! மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் இருபது ரூபாய்ச் சாப்பாடு. கோயில் குளத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வெயிலுக்கு ஜெயாவின் பெரியம்மா பெண் வீட்டில் ஃபேனுக்கடியில் படுத்திருந்தோம். அடையாற்றில் நாங்கள் பார்க்க வேண்டிய பிரகாஷ், நாலு மணிக்கு முன்னால் வராதீர்கள் என்று சொல்லியிருந்தார். சாயந்திரம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். அப்போது பொருந்துவதைத்தான் வாங்க வேண்டுமாம்.

பிரகாஷ் பெல்ஜியத்தில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். காந்தி நகரில் மாடி வீடு. சைக்கிள்களும் சைக்கிள் சாமான்களுமாக ஹாலில் நடக்க இடமில்லை. விற்பதற்கு இரண்டு ஜோடி எடுத்து வைத்திருந்தார். ஒன்று கறுப்பும் சிவப்புமாகப் பளபளவென்று, பாம்பின் தலை மாதிரி குறுகலாக இருந்தது. மற்றது அகலமான சாம்பல் நிற ஷூ. பார்த்தால் ஆஸ்பத்திரியில் கொடுத்தது போலிருந்தது. நான் எதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நின்ற இடத்திலேயே மிதிக்க ஸ்டாண்டில் ஏற்றிய சைக்கிள் ஒன்று இருந்தது. சிவப்பைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் மிதித்தேன். “எப்டி சார் இருக்கு?” என்றார் பிரகாஷ்.

“இடது கால்ல விரல் மரத்துப் போறது.”

“டைட்டு சார். அதைக் கழட்டிட்டு இதைப் போட்டுப் பாருங்க.”

சாம்பலைப் போட்டு இன்னொரு கால் மணி. உள்ளே விரல்கள் பிரிந்து படுக்க இடம் இருந்தது. முன்பக்கத்தை அழுத்திப் பார்த்த பிரகாஷ், எங்கேயும் பிடிக்கவில்லை என்றார். ஆனால் அதே மரமரப்பு.

“இதுவும் சரியில்லை” என்றேன்.

ஜெயா என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள். தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“கண்ணை மூடிக்கோங்கோ. அழுத்தறச்சே சொல்லுங்கோ.”

கண்ணை மூடினேன். கீழே தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று.

“ம், அழுத்தேன்” என்றேன்.

“அழுத்திண்டுதான் இருக்கேன்.”

கண்ணைத் திறந்தேன். அவள் கட்டைவிரல் நகம் என் சுண்டுவிரலில் பதிந்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் வழுக்கிய பெடல், இறுக்கிய ஷூ, வரையாமல் விட்ட கால் என்று ஒவ்வொன்றின் மேலும் பழி போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். யாரும் கேட்காமலே பிரகாஷ் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

ஜெயா அழவில்லை, திட்டவும் இல்லை. “அந்தச் சிவப்பை இன்னொரு தரம் போட்டுண்டு மிதியுங்கோ” என்றாள். மிதித்து இறங்கியதும் காலைப் பார்த்தாள்; சுண்டுவிரல் ஓரத்தில் செக்கச்செவேல் என்று தடம். அது மறையும்வரை காத்திருந்து, பிறகு சாம்பலைப் போட்டு மிதிக்கச் சொன்னாள். தடம் எதுவும் இல்லை. “இதைக் குடுங்கோ” என்று பிரகாஷிடம் சொன்னாள். ஆயிரத்து நானூறு ரூபாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடையாறு பாலத்தில் ஆட்டோ ஏறும்போது, ஆற்றின் முகத்துவாரத்துப் பக்கம் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. சைக்கிளை விற்றுவிடு என்று அவள் சொல்வாள் என்று காத்துக்கொண்டே வந்தேன். வீடு வரும்வரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை கால் நரம்பைத் தொட்டுவிட்டது என்று சொல்லி மாத்திரையை மாற்றினார். ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் வந்தவுடன் வேறொருவர் காலைப் பார்க்க வேண்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு கோவளம் போய்த் திரும்பி வாசலில் உட்கார்ந்தேன். ஜெயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து என் சாக்ஸை உருவும்போது ஜெர்மனியிலிருந்து ஃபோன். ஒயர் நீளம், வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்து எடுத்தேன்.

“அத்திம்பேர், புது ஷூ எப்படி? காலுக்குச் சௌகரியமா இருக்கா?” என்றான் ரகு.

“இருடா,” என்றேன், “உங்க அக்கா பாத்துண்டிருக்கா. கேட்டுச் சொல்றேன்.”