செகண்ட் பேஸில் படாத கால்

என் வீட்டுக்காரரின் வலது கால் செகண்ட் பேஸில் படவில்லை. பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்த அம்பயர் நான்தான்.

பல்லேகலப் பக்கம், வேலை பார்க்கும் கந்தோர்களுக்கிடையே பேஸ்போல் போட்டி. அம்பயருக்கு ஆள் கிடைக்காமல், பள்ளிக்கூடத்தில் விளையாடியவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "வீட்டுக்காரர் பக்கம் சாஞ்சிடாதீங்க!" என்று எதிரணியில் ஒருவர் சீண்டினார். மத்தியானமே மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஆட்கள் கரைந்துபோய், வெள்ளைச் சப்பாத்துகள் மட்டும் ஓடித் திரிந்தன. கூச்சல்கூட மெத்தென்றுதான் கேட்டது.

கடைசி ஆட்டம், இரண்டு பக்கமும் சமம். நாற்பது வயது வரை ஒரு பரிசுக் கோப்பையைத் தொட்டறியாத என் வீட்டுக்காரர் ஓங்கி அடித்தார். பந்து பனிக்குள் காணாமல் போனது. ஓடி வந்தவர் தரையில் பதித்த அந்த வெள்ளைத் திண்டை மிதிக்காமல், ஒரு சாண் தள்ளி, மிதந்துகொண்டே போனார். அடப்பாவி மனுசா!

நாலு பேஸையும் வரிசையாக மிதித்து வந்தால்தான் ஓட்டம் சேரும். ஆனாலும் நானாக வாய் திறக்கக்கூடாது. அதுதான் சட்டம். எதிரணி பந்தோடு வந்து, விட்டுப்போன பேஸை மிதித்துக் கேட்டால்தான் அவுட். கேட்காமல் மைதானத்தை விட்டுப் போய்விட்டால் வெற்றி வெற்றிதான்.

அவர்களோ கடைசி பேஸான ஹோமில் இவர் அவுட் என்று மற்ற அம்பயரோடு மல்லுக்கு நின்றார்கள். அங்கே இவர் நியாயமாகவே தப்பியிருந்தார்.

அப்போது எதிரணியின் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பந்தோடு வந்து செகண்ட் பேஸில் ஏறி நின்று என்னைப் பார்த்தார். கேட்டால், இவருடைய சந்தோசத்தை நானே என் கையால் பறிக்க வேண்டும்.

"அக்கா, மழை வரும்போல கிடக்கு, என்ன?"

"ஆமாங்க, வரும்."

பந்தைத் தட்டிக்கொண்டே போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாப் பார்த்தியா?" என்றார் இவர்.

"பார்த்தேங்க."

மேலே ஒன்றும் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். "அடிச்சேன் பாருங்க! ஃபர்ஸ்ட் பேஸ்! அப்படியே தேர்ட் பேஸ்! ஹோம்!" என்று கதிரையிலிருந்து எழும்பி ஓடியே காட்டுவார். செகண்ட் பேஸ் மட்டும் வராது. அந்த இடத்தில் ஒரு கணம் என்னைப் பார்ப்பார்.

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன். நானும் கேட்பதில்லை.