போட்டோவில் இருந்தவள்

சோறு வடிக்கும்போது முந்தானையில் தீப்பிடித்து முகமும் கழுத்தும் வெந்துபோய், காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் வாழை இலையில் கிடந்தேன். சைகோனில் வேலையிலிருந்த என் வீட்டுக்காரருக்கு, வெறும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று எழுதவைத்தார் மாமியார்.

"மூஞ்சி வெந்துபோச்சுன்னு தெரிஞ்சா அவன் அங்கேயே வேற ஒருத்தியப் பாத்துக்குவான்." என் காதுபடவே சொன்னார். புண்ணைவிட அதுதான் எரிந்தது.

கல்யாணமாகிப் பன்னிரண்டே நாளில் கப்பலேறியவர் அவர். ஊருக்குத் திரும்புகிறார் என்று தெரிந்ததிலிருந்து, வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவரோ என்று பயந்து பார்ப்பேன்.

ஒரு காலையில், வீட்டுக்குக்கூடப் போகாமல், கப்பலிலிருந்து இறங்கி நேரே வார்டுக்கு வந்தேவிட்டார். கட்டினவள் பெயரை அடுத்தவரிடம் சொல்லக் கூசுகிற மனுஷர். எங்கள் கல்யாணப் போட்டோவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தினமும் எனக்கு இலை மாற்றும் ஆயாவிடம் காட்டினார். ஆயா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு இங்க இல்லீங்களே."

அவர் கட்டில் கட்டிலாகப் பார்த்தார். களிம்பு பூசிய என் முகத்தையும் பார்த்தார். "என்னங்க" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அந்தச் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போகும்வரை கிடந்தேன்.