சரசுவுக்கு வந்த கடிதம்

நான் திருடினேன். பொன்னையோ பொருளையோ அல்ல. இன்னொருத்திக்குச் சேரவேண்டிய பாராட்டை. இன்றுவரை அதை அவளிடம் சொல்லவில்லை.

திருடி என்றால் வெளியிலிருந்து சுவரேறி வருபவள் என்று நினைத்தீர்களா? நான் அந்த வீட்டின் மூத்த மருமகள்!

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். முன்புறம் என் கணவரும் அவர் தம்பியும் நடத்தும் லேத் பட்டறை. பின்புறம் நானும் தம்பி மனைவி சரசுவும். நான் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. எட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் செம்பருத்தியும் இந்திய வரைபடமும் தவிர வேறொன்றும் வரையாத ஓவிய ஆசிரியை! தாளின் முன் உட்கார்ந்தால் கை மரத்துப்போகும். ஏனென்று கேட்காதீர்கள்... எனக்கே தெரியவில்லை.

தொண்ணூறுகள் முடியும் தறுவாய். உடன் வேலை பார்த்த ஒருத்தி ஓர் இணையக் குழுவின் முகவரியை எழுதித் தந்தாள். உலகில் எங்கெங்கோ இருப்பவர்கள் மின்னஞ்சல் வழியே கூடி ஓவியம் பழகும் குழு. வாரந்தோறும் தன் வீட்டில் கண்ட ஒன்றை வரைந்து அனுப்பவேண்டும். மற்றவர்கள் பார்த்துக் கருத்து எழுதுவார்கள்.

சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் காந்திபுரத்துப் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். மரத் தடுப்புக்குள் ஒரு நாற்காலி. மோடம் கிரீச்சிட்டு ஓயும். பிறகு திரையில் மேலிருந்து கீழாக, மெல்ல மெல்ல, யாரோ ஒருவர் வரைந்த ஜன்னல் இறங்கும்... அதன்மேல் பனி... பனியைப் பார்க்கும் பூனை... வெளியே கொளுத்தும் வெயில் எங்கோ போய்விடும். விழித்துக்கொண்டே கண்ட கனவு அது. ஆனால் படம் அனுப்பாதவர்களைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். எனக்கு இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது.

சரசு படம் போடுவாள். மாதம் முடிந்து கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பால்பாயின்ட் பேனாவால், அரிசி வேகும் நேரத்தில். போட்டு முடித்ததும் அலமாரித் தட்டில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கிவிடுவாள். ஆடிக் காற்றில் கொடியோடு மல்லுக்கு நிற்கும் ஒரு போர்வையை அப்படி வரைந்திருந்தாள். மிளகாய்ப்பொடி டப்பாவின் அடியிலிருந்து அதை உருவினேன். ஸ்கேன் செய்து என் பெயரில் அனுப்பினேன்.

அடுத்த வாரம் பதில் வந்திருந்தது. கடல் கடந்த நாட்டிலிருந்து ஓர் அம்மாள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தார். 'இந்தக் கோட்டுக்குப் பயமே இல்லை. இதை வரைந்தவள் ஒருநாளும் நிறுத்திவிடக் கூடாது.' அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் நான்கு முறை படித்தேன். துடியலூர் தாண்டும்போது அழுதேன். எனக்கு எழுதியதல்ல என்று தெரிந்தே அழுதேன்!

அன்று மாலையே வரைந்தேன். ஒரு வெங்காயக் கூடை. படு மோசமான கூடை! ஆனால் கை அசைந்துவிட்டது. அதன்பின் என் படங்களையே அனுப்பினேன். 'கோட்டில் தயக்கம் தெரிகிறதே' என்றார்கள். சரசுவின் கோட்டைத் துரத்தித் துரத்தியே என் கோடு நிமிர்ந்தது. கனவிலேயே நடந்தேன். தோசைக்கல்லின் ஆவியிலும் உருவங்கள் தெரிந்தன. மகிழ்ச்சியாக இருந்தேன், அதையும் உங்களிடம் ஒளிக்கமாட்டேன்.

இதுவரை மன்னிக்கலாம் என்கிறீர்களா? பொறுங்கள்.

ஒருநாள் சரசு ஒரு தாளோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். பென்சில் பிடித்திருக்கும் இரண்டு கைகளை வரைந்திருந்தாள். என் கைகள்!

"ஏனுங்கக்கா, நீங்க டிராயிங் டீச்சருங்க. உள்ளதச் சொல்லுங்க. எனக்கு இது வருதுங்களா? இல்ல, சும்மா கிறுக்கீட்டு இருக்கறனுங்களா?"

இதைக் கேட்க எத்தனை நாள் தைரியம் சேர்த்தாளோ! முகமெல்லாம் வேர்த்திருந்தது. கைப்பை என் நாற்காலியிலேயே தொங்கியது. கடிதம் அதற்குள் இருந்தது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. என் வாயால்தான் படித்துக்காட்ட வேண்டும்.

"பரவால்ல அம்மணி. பொழுது போறதுக்கு ஆகும்" என்றேன்.

"அதானுங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சிரித்தாள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். பிறகு அவள் வரையவே இல்லை. அலமாரித் தட்டுகளில் செய்தித்தாள் விரிந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? திருட்டு வெளிப்பட்டுவிடும் என்றா? அது மட்டுமென்றால் நான் கோழை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைகளைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துபோனது... அவள் என்னைவிட மேல். இந்த வீட்டில் வரைகிறவள் ஒருத்தி போதும் என்று நினைத்தேன். ஆம், நினைத்தேன்!

ஆண்டுகள் ஓடிவிட்டன. குழு கலைந்துவிட்டது, என் கை நிற்கவில்லை. நான் வரைய உட்கார்ந்தால் சரசு அடுக்களைக் கதவைச் சாத்திவிடுவாள், பாத்திரச் சத்தம் எனக்கு இடைஞ்சலாம். நேற்று என் முறைச் சமையல். அரிசி களைந்துகொண்டிருந்த என்னிடமிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போயி வரைங்கக்கா. நல்லா வர்றப்ப உட்டுறக் கூடாதுங்க. இத நான் பாத்துக்கறனுங்க."

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது...

நான் போய் உட்கார்ந்து வரைந்தேன்.